குறி தவறாத ஆயுதம்

பரந்தனைக் கடந்து ஏ9 நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோருக்கு, மரங்கள் குறைந்து, நிலம் வெளிறி, இருபுறமும் உப்புநீர் விரிந்து கிடக்கும் ஓர் ஒடுங்கிய பாதை எதிர்ப்படும். அதுவே ஆனையிறவு. வன்னிப் பெருநிலத்தில் பிடித்த யானைகளை இக்களப்பின் வழியே குடாநாட்டுக்கு நடத்திச் சென்றதால் வந்த பெயர் என்பர். ஒல்லாந்தர் தம் காலத்திலேயே இவ்விடத்தில் ஒரு சிறு கோட்டையைக் கட்டினர். கழுத்தைப் பிடித்தவன் தலையைப் பிடித்தவன் என்ற கணக்கு அன்றே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்பாதையின் ஓரத்தில் இன்று ஒரு பழைய புல்டோசர் நிற்கிறது. அதன் உடலைச் சுற்றி இரும்புத் தகடுகள் அடிக்கப்பட்டிருக்கின்றன. நிலத்தைச் சமன் செய்வதற்கெனப் பிறந்த பொறியைப் போருக்கு இழுத்து வந்த கதை அத்தகடுகளில் எழுதப்பட்டிருக்கிறது. உல்லாசப் பயணிகள் அதன்முன் நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். நாமும் அதன்முன் நின்றோம். நம் மனத்தில் எழுந்தது ஒரே கேள்வி: இவ்விரும்பை நிறுத்தியது எது?

1991 ஜூலையில் விடுதலைப் புலிகள் ஆனையிறவுப் படைமுகாமை முற்றுகையிட்டனர். முகாமைச் சுற்றிலும் வெட்டவெளி. மறைந்து நெருங்க ஒரு பற்றைகூடக் கிடையாது. எனவே கவசமிட்ட புல்டோசர் முன்னே செல்ல, அதன் நிழலில் போராளிகள் பின்னே செல்வது என்று முடிவாயிற்று. துப்பாக்கிக் குண்டுகள் தகட்டில் பட்டுத் தெறித்தன. பொறி நகர்ந்துகொண்டே இருந்தது. இறுதியில், கண்டி மாவட்டத்து ஹசலக்க ஊரைச் சேர்ந்த காமினி குலரத்ன என்னும் இளம் சிப்பாய் கைக்குண்டுகளுடன் ஓடிச்சென்று, பொறியின் ஏணியில் ஏறி, உள்ளே குண்டெறிந்து, தானும் மாண்டார். பொறி நின்றது. இலங்கைப் படையின் அதியுயர் விருதான பரம வீர விபூஷணம் முதன்முதலில் அவருக்கே வழங்கப்பட்டது. பொறியின் உள்ளிருந்து மாண்டவர்களும் இளைஞர்களே. அம்முற்றுகையில் புலிகள் தரப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரும், படையினர் தரப்பில் இருநூறளவானோரும் உயிரிழந்தனர்.

ஒரு கவச வாகனத்தை நிறுத்த, தொலைவிலிருந்து வழிநடத்தி ஏவும் ஏவுகணைகள் உலகச் சந்தையில் மலிந்திருந்த காலம் அது. அவற்றின் உற்பத்தியாளர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு குறி தவறாது என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தனர். ஆனையிறவிலோ கவசத்தை நிறுத்தியது ஒரு மனித உடல். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஓர் ஆயுதம் ‘நம்பத்தக்கது’ என்று சொல்லும்போது என்ன சொல்கிறோம்? யாருடைய நம்பிக்கை அது? அதன் விலையைக் கொடுப்பவர் யார்?

கம்பியின் நுனியில் ஒரு கணை

டாங்கி முதலாம் உலகப்போரில் பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் அது தரைப்போரின் தலைவனாயிற்று. அதைக் கொல்லத் தடித்த பீரங்கி வேண்டும். தடித்த பீரங்கியை இழுக்க வண்டி வேண்டும். வண்டியை மறைக்க இடம் வேண்டும். இரண்டு மூன்று பேர் சுமந்து செல்லக்கூடிய சிறு கணையால் தொலைவிலிருந்தே டாங்கியைத் துளைக்க முடியாதா என்ற ஏக்கம் அங்கிருந்தே தொடங்குகிறது. ஜெர்மானியர் போரின் கடைசி நாட்களில் எக்ஸ்-7 என்னும் கணையை உருவாக்கினர். அது களத்தில் நிலைபெறுமுன் போர் முடிந்தது. அவ்வழியைத் தொடர்ந்த பிரெஞ்சுக்காரர் 1950களின் நடுவில் எஸ்.எஸ்.-10 என்னும் ஏவுகணையைப் படையில் சேர்த்தனர். சோவியத் நாடு 1960களில் மல்யூத்கா என்னும் ஏவுகணையை ஆக்கிற்று. ‘குழந்தை’ என்பது அப்பெயரின் பொருள். ஒரு பெட்டியில் அடைத்து முதுகில் சுமந்து செல்லலாம்.

அதன் இயக்கம் எளிது, இயக்குவதுதான் அரிது. பறக்கும் கணையின் வாலிலிருந்து மெல்லிய கம்பி அவிழ்ந்துகொண்டே போகும். ஏவுவோன் கையில் ஒரு சிறு பிடி இருக்கும். கணையின் பின்புறச் சுடரையும் தொலைவில் நகரும் டாங்கியையும் ஒரே நேரத்தில் கண்ணால் பிடித்து, பிடியை அசைத்து, இரண்டையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். மூவாயிரம் மீற்றர் சென்றடைய ஏறக்குறைய 25 விநாடிகள் ஆகும். பட்டத்தின் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடும் முயலை அதனால் அடிக்க முயல்வது போன்ற வேலை. அந்த 25 விநாடியும் எதிரி சும்மா இருக்கவேண்டும். அல்லது ஏவுவோனின் நெஞ்சு நடுங்காதிருக்க வேண்டும்.

1973 அக்டோபர் 6ஆம் நாள் எகிப்தியப் படை சூயஸ் கால்வாயைக் கடந்தது. முதுகில் பெட்டி சுமந்த காலாட்கள் மணல் மேடுகளில் படுத்துக்கொண்டு, தனித்து விரைந்து வந்த இஸ்ரவேல் டாங்கிகளைத் தாக்கினர். முதல் சில நாட்களில் டாங்கிகள் எரிந்தன. டாங்கியின் காலம் முடிந்தது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. உழவன் மகன் கையிலுள்ள ஒரு பெட்டி, பெருந்தொழிற்சாலையின் இரும்பு யானையை வீழ்த்திவிட்டது என்ற செய்தி ஏழை நாடுகளின் இளைஞர் பலரை மயக்கிற்று.

ஆயின் சில நாட்களில் மறுபக்கம் பாடம் கற்றுக்கொண்டது. கணை புறப்படும்போது எழும் புழுதியையும் புகையையும் கண்டவுடன் அத்திசையில் சரமாரியாகச் சுட்டனர். டாங்கிகள் வளைந்து வளைந்து ஓடின. தனித்துச் சென்ற டாங்கிகளுக்குத் துணையாகக் காலாட்படையையும் மோட்டார்களையும் அனுப்பினர். பிடியை அசைத்துக்கொண்டிருந்தவன் தலை குனிந்தால் போதும். கணை மணலில் புதைந்துவிடும். பயிற்சித் திடலில் நூற்றுக்கு 60 முதல் 90 வரை குறி தவறாது என்று மதிப்பிடப்பட்ட ஆயுதம், கடுமையான களநிலைமைகளில் நூற்றுக்கு 25 என்றும், தேர்ச்சியற்ற கைகளில் நூற்றுக்கு இரண்டு என்றும்கூடச் சரிந்ததாகப் பின்னைய மதிப்பீடுகள் கூறுகின்றன. ஓர் இயக்குநர் தேர்ச்சிபெற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாவனைச் சுடுகைகள் வேண்டும் என்பதும் அம்மதிப்பீடுகளுள் ஒன்று.

இங்கே ஒரு சிறு கணக்கைச் சொல்ல வேண்டும். நம்பகம் என்பது தனிப் பொருளன்று. அது ஒரு சங்கிலி. களஞ்சியத்தில் கணை கெடாதிருக்க வேண்டும்; ஏவும்போது பற்றவேண்டும்; வழியில் கம்பி அறாதிருக்க வேண்டும்; இயக்குவோன் குறியை இழக்காதிருக்க வேண்டும்; சென்று தைத்தபின் வெடிக்கவேண்டும். இவ்வைந்து கண்ணிகளில் ஒவ்வொன்றும் நூற்றுக்குத் தொண்ணூறு உறுதியானது என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தையும் பெருக்கினால் நூற்றுக்கு 59தான் மிஞ்சும். விற்பவன் ஒவ்வொரு கண்ணியின் உறுதியையும் தனித்தனியே சொல்கிறான். சிப்பாய்க்கோ முழுச் சங்கிலியும் வேண்டும். அதுவும் தன் முறை வரும் அந்த ஒரு தடவை வேண்டும்.

சூடும் உப்பும்

மனிதக் கண்ணும் கையும்தான் பலவீனம் என்று கண்ட பொறியியலார் அடுத்த தலைமுறையை ஆக்கினர். அமெரிக்காவின் டோ, பிரெஞ்சு–ஜெர்மானியக் கூட்டுப்படைப்பான மிலான் ஆகியவற்றில் இயக்குவோன் டாங்கியின்மேல் குறியை நிலையாக வைத்திருந்தால் போதும். கணையைக் கோட்டுக்குள் கொண்டுவருவதைக் கருவி பார்த்துக்கொள்ளும். மிலான் ஹைதராபாத்திலும் உற்பத்தியாயிற்று. குறி தவறுதல் வெகுவாகக் குறைந்தது. ஆயின் கம்பி கம்பியாகவே இருந்தது. கிளையில் சிக்கினால் அறும். அகன்ற நீர்ப்பரப்பின்மேல், அதிலும் உப்புநீரின்மேல் விழுந்தால் மின்குறிப்புகள் கசிந்து குலையும் என்று அத்தகைய கணைகளுக்கான பயிற்சிக் கையேடுகளே எச்சரிக்கின்றன. ஆனையிறவின் களப்போரம் நிற்பவர்க்கு இவ்வெச்சரிக்கையின் பொருள் விளக்க வேண்டுவதில்லை.

மூன்றாம் தலைமுறைக் கணை ஏவியபின் தானே குறியைத் தேடிச் செல்வது. எஞ்சினின் வெப்பத்தைக் கண்டறியும் ‘கண்’ அதன் மூக்கில் இருக்கும். இந்தியா 1983இல் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தில் ‘நாக்’ என்னும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணையும் ஒன்று. அத்திட்டத்தை வழிநடத்தியவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். குடாநாட்டுக் கரையிலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்தால் எட்டிவிடும் தீவு அது. நாக் முதன்முதலில் 1990இல் ஏவிப் பார்க்கப்பட்டது. 2012இல் ராஜஸ்தான் பாலைவனத்தில் கோடைச் சோதனை நடந்தபோது ஒரு பழைய உண்மை வெளிப்பட்டது. நண்பகலில் மணலும் டாங்கியும் ஏறக்குறைய ஒரே சூட்டில் தகித்தன. எது மணல், எது இரும்பு என்று கணையின் கண்ணுக்குத் தெரியவில்லை. நான்கு கிலோமீற்றர் எட்டவேண்டியது, இரண்டரைக் கிலோமீற்றருக்கு அப்பால் தடுமாறிற்று. கண்ணைத் திருத்தி, மீண்டும் மீண்டும் சோதித்து, 2020 அக்டோபர் 22இல் பொக்ரானில் இறுதிச் சோதனை நடந்தது. தொடக்கத்திலிருந்து எண்ணினால் 37 ஆண்டுகள்.

நாம் அவ்விஞ்ஞானிகளை ஏளனம் செய்யவில்லை. தங்கள் படைப்பு எங்கே தோற்கிறது என்று வெயிலில் நின்று தேடிப் பார்த்த நேர்மை பாராட்டுக்குரியது. நாம் சுட்டவருவது இதுதான்: ஆயுதம் ஆய்வுகூடத்தில் பிறக்கிறது, ஆனால் ஒரு குறிப்பிட்ட மண்ணில், ஒரு குறிப்பிட்ட வெயிலில், ஒரு குறிப்பிட்ட மனிதன் கையில்தான் அது சுடப்படுகிறது. ஆகவே மண்ணை அறியாமல் ஆயுதத்தை அறிய முடியாது. இனிக் குடாநாட்டு மண்ணுக்கு வருவோம்.

வேலியும் வெளியும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் தட்டு. மலை இல்லை, ஆறு இல்லை. தட்டையான நிலம் என்றதும் தொலைவரை பார்க்கலாம் என்று எண்ணுவோர் இங்கு வந்து பார்க்கவேண்டும். பனங்கூடல், வடலி, கிடுகு வேலி, கிளுவை வேலி, மதில், கிணற்றடி, வாழைத் தோட்டம், வளைந்து வளைந்து செல்லும் ஒழுங்கை. ஒருவன் நூறு மீற்றர் தூரம் நேராகப் பார்ப்பதே அரிது. மல்யூத்கா வகைக் கணையோ 500 மீற்றருக்குக் குறைந்த தூரத்தில் கட்டுக்குள் வராது. கம்பி அவிழ்ந்து, இயக்குவோன் பிடிக்குள் கணை வருவதற்கே அவ்வளவு தூரம் வேண்டும். குடாநாட்டின் பெரும்பகுதியில் அக்கணை பறப்பதற்குரிய வானமே இல்லை எனலாம்.

1987 ஜூலை இறுதியில் இந்திய அமைதி காக்கும் படை குடாநாட்டில் வந்திறங்கியது. அக்டோபரில் புலிகளுக்கும் அதற்கும் போர் மூண்டது. டி-72 டாங்கிகளும் பி.எம்.பி. கவச வண்டிகளும் யாழ்ப்பாணத்து வீதிகளில் இறங்கின. பி.எம்.பி.-1 வண்டியின் அமைப்பைப் பார்த்தால், பீரங்கிக் குழலின்மேல் மல்யூத்கா கணையை ஏற்றுவதற்கென்றே ஒரு தண்டு இருக்கும். ஐரோப்பியச் சமவெளியில் நூற்றுக்கணக்கான டாங்கிகளை எதிர்நோக்கி வரைந்த வடிவம் அது. கோப்பாயிலும் கொக்குவிலிலும் எதிரே ஒரு டாங்கிகூட இல்லை. வேலிக்குப் பின்னால் இளைஞர்கள் இருந்தனர். வீடுகளுக்குள் மக்கள் இருந்தனர். வீதிக்கு அடியில் வெடிமருந்து இருந்தது.

அக்டோபர் 11ஆம் நாள் இரவு, புலிகளின் தலைமையைப் பிடிக்கும் எண்ணத்துடன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டர்களால் இறக்கப்பட்ட இந்தியச் சிப்பாய்களுள், சீக்கிய இலகு காலாட்படைப் பிரிவினர் முப்பதுபேரில் ஒருவரைத் தவிர அனைவரும் மாண்டனர். எஞ்சிய கமாண்டோக்களை மீட்கச் சென்ற டாங்கிகள் நேர் வீதியில் செல்லத் துணியவில்லை. வீதிகளில் கண்ணிவெடி புதைந்திருக்கும் என்ற அச்சத்தால் அவை இரயில் பாதையின்மீது ஏறிச் சென்றன. இக்காட்சியை வாசகர் நினைவில் இருத்தவேண்டும். நாற்பது தொன்னுக்கு மேற்பட்ட எஃகு, தரையில் புதைந்திருக்கலாம் என்று ஐயுற்ற ஒரு பெட்டி மருந்துக்கு வழிவிட்டு விலகிச் செல்கிறது. கண்ணிவெடி அங்கே வெடிக்கக்கூட இல்லை. இருக்கலாம் என்ற எண்ணமே போதுமாயிற்று.

ஒழுங்கைச் சண்டைக்கு உகந்தது வழிநடத்தும் தேவையில்லாத ஆர்.பி.ஜி. என்னும் தோள் உந்துகணை. நகரும் வண்டியை முந்நூறு மீற்றருக்குள் அடிக்கலாம்; அதற்கு மேற்பட்டால் காற்று அதன் வாலைப் பிடித்துத் திருப்பிவிடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஆனையிறவு வெளியில் நின்றவர்க்கு அக்காற்றின் வலிமை தெரியும். வேலிக்குள் கணைக்குப் பார்வை இல்லை. வெளியில் உந்துகணைக்கு எட்டு இல்லை. இவ்விரண்டு குறையினிடையே சிக்கியதுதான் ஆனையிறவு முற்றுகையும். புல்டோசருக்குள் இருந்தவர்களும், அதன்மேல் ஏறியவரும், ஆயுதங்களின் குறையைத் தம் உடலால் நிரப்பியவர்கள்.

முகாம் அன்று தப்பியது. 1991இலேயே இலங்கை அரசு செக்கோசுலோவாக்கியாவிலிருந்து டி-55 டாங்கிகளை வாங்கிற்று. 1993 நவம்பரில் களப்புக்கு அப்பாலுள்ள பூநகரி முகாம் தாக்கப்பட்டபோது அவற்றுள் இரண்டைப் புலிகள் கைப்பற்றினர். 2000 ஏப்ரல் 22இல் ஆனையிறவு வீழ்ந்தது. உடனே அரசு பல்குழல் பீரங்கிகளை அவசரமாக வாங்கிற்று. ஒருவர் வாங்கியது மற்றவர்க்கு இரையாவதும், அதற்கு மறுமருந்தாகப் பெரியதொன்றை வாங்குவதும் என்று கடன் ஏறிக்கொண்டே போயிற்று. அக்கடனை அடைக்கத் தெற்கிலும் வடக்கிலும் உழைத்தவர்கள் எத்தொழிற்சாலையின் பெயரையும் கேட்டிராதவர்கள்.

ஆனையிறவு வீழ்ந்தபின் போர்முனை கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்னும் கோட்டில் உறைந்தது. களப்பிலிருந்து கடல்வரை சில மைல் நீளமுள்ள அக்கோட்டில் இருதரப்பும் மண்ணணை எழுப்பி, அதன் முன்னால் வெடிகளை விதைத்தனர். 2001 ஏப்ரலில் படையினர் ‘தீச்சுவாலை’ என்ற பெயரில் முகமாலையிலிருந்து முன்னேற முயன்றனர். சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டும் அங்கமிழந்தும் திரும்பினர். அவர்களுள் பலரை வீழ்த்தியவை காலடியில் காத்திருந்த வெடிகளே. 2006 அக்டோபர் 11ஆம் நாள் அதே இடத்தில் டாங்கிகளும் பி.எம்.பி.களும் முன்செல்ல மீண்டும் ஒரு முயற்சி. சில மணி நேரத்தில் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் மாண்டனர். கவச வண்டிகள் பல அழிந்தன. அங்கும் கவசத்தைப் பிடித்து நிறுத்தியது தனியொரு அதிசயக் கணையன்று. வெடிவயலும், முன்பே அளந்து வைத்த பீரங்கிச் சூடும், கிட்ட நின்று அடித்த உந்துகணையும் சேர்ந்த கூட்டு.

வழிநடத்தப்பட்ட கணை வந்தபோது

குடாநாட்டில் வழிநடத்தப்படும் ஏவுகணை தன் பெயருக்கேற்ப வேலை செய்த தருணங்களும் உண்டு. அவை தரையில் அல்ல, வானில். டாங்கியைத் தேடும் கணையின் உடன்பிறப்பான, எஞ்சின் வெப்பத்தை முகர்ந்து செல்லும் தோள் ஏவுகணை 1995இல் இங்கு வந்து சேர்ந்தது. ஏப்ரல் 28, 29 ஆகிய இரு நாட்களில் பலாலிக்கு அருகே இரண்டு அவ்ரோ விமானங்கள் வீழ்ந்தன. இரண்டிலுமாகத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இங்கே டாங்கிச் சண்டையின் சிக்கல் ஒன்றுமில்லை. வானத்தில் பற்றை இல்லை, வேலி இல்லை, குளிர்ந்த வானப் பின்னணியில் சூடான எஞ்சின் ஒன்றே ஒன்று. கணைக்கு இதைவிடத் தெளிவான குறி கிடையாது.

1998 செப்டம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே மறைந்தது. அதில் இருந்தவர்கள் 55 பேர். பயணிகள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். தரைவழி அடைபட்டிருந்த காலத்தில் கொழும்புக்குப் போகப் பணம் திரட்டிச் சீட்டு வாங்கியவர்கள். புலிகளின் ஏவுகணையே அதனை வீழ்த்தியது என்பது பின்னைய விசாரணைகளின் முடிவு. 2012இல் இரணைதீவுக்கருகே கடலடியில் விமானத்தின் சிதைவுகள் கிடைத்தன. மீட்கப்பட்ட உடுப்புகளை உறவினர் அடையாளம் காணவேண்டி யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைத்தனர். பதினான்கு ஆண்டுகள் உப்புநீரில் கிடந்த ஒரு சட்டையைப் பார்த்து, ‘இது அவருடையதுதான்’ என்று சொல்ல நேர்ந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அக்கணை குறி தவறவில்லை. ஏவுகணை நிபுணரின் ஏட்டில் அது வெற்றி என்றே பதிவாகும். வெப்பத்தை முகரும் கண்ணுக்குப் படைவிமானத்தின் எஞ்சினும் பயணிகள் விமானத்தின் எஞ்சினும் ஒன்றே. நம்பகம் என்ற சொல்லின் வெறுமை இங்குதான் முழுவதும் வெளிப்படுகிறது. ஆயுதம் செய்வதைச் செய்யும் என்பதற்கே அச்சொல் உறுதி கூறுகிறது. செய்யத்தகாததைச் செய்யாது என்பதற்கு அதில் ஓர் எழுத்தும் இல்லை. மறுதரப்பின் கணக்கும் வேறல்ல. 1995 ஜூலை 9இல் நவாலித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மீது விமானத்திலிருந்து விழுந்த குண்டுகளும் வெடிக்கத் தவறவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர்.

மண்ணுக்குள் காத்திருப்பது

இனி நம் முதற் கேள்விக்கு விடை கூறலாம். குடாநாட்டுப் போரில் மிகவும் நம்பத்தக்க ஆயுதம் எது? கம்பியில்லை, கண்ணில்லை, இயக்குவோன் இல்லை, வெயிலில் மயங்குவதில்லை, சோளகக் காற்றில் திரும்புவதில்லை. மண்ணுக்குள் கிடந்து, மேலே வரும் பாரத்துக்காகக் காத்திருப்பது மட்டுமே அதன் தொழில். கண்ணிவெடியே அது. டாங்கிக்கென்று புதைத்த வெடியில் பல கிலோ மருந்து இருக்கும்; நூறு கிலோவுக்கும் மேற்பட்ட பாரம் அழுத்தினால்தான் அது வெடிக்கும். மனிதனுக்கென்று புதைத்த மிதிவெடிக்கோ ஒரு குழந்தையின் காலடி போதும்.

படையினர் பாகிஸ்தானில் செய்த பி-4 வகை மிதிவெடிகளைப் புதைத்தனர். அதில் உலோகம் மிகக் குறைவு. புலிகள் ‘ஜொனி’ எனப் பெயரிட்டுத் தாமே செய்த வெடிகளைப் புதைத்தனர். அவற்றுள் ஒருவகை மரப்பெட்டியில் அமைந்தது. பிளாஸ்டிக்கும் மரமும் உலோகம் தேடும் கருவிக்கு எளிதில் அகப்படுவதில்லை. ஆகவே குடாநாட்டில் வெடி அகற்றுவோர், தோட்டத்தில் சருகு கூட்டும் குப்பைவாரியைப் போன்ற ஒரு வாரியை எடுத்து, மண்ணை விரற்கடை விரற்கடையாக வாரி வெடிகளைத் தேடும் முறையைக் கைக்கொண்டனர். கோடிக்கணக்கில் செலவிட்டுச் செய்த கணைக்கும் கண்கள் தவறும் இடத்தில், தோட்டக்காரனின் கருவிதான் உதவிற்று.

போர் 2009 மே மாதம் முடிந்தது. முகமாலை முடியவில்லை. உலகிலேயே மிக அடர்த்தியான வெடிவயல்களுள் ஒன்றென அது பேர்பெற்றது. ஹேலோ டிரஸ்ட், டாஷ், ஷார்ப், மாக் முதலிய அமைப்புகளின் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் வடக்கு மண்ணில் முழந்தாளிட்டு வேலை செய்துவந்திருக்கின்றனர். அவர்களுள் பலர் பெண்கள். போரில் கணவனை இழந்தோர், குடும்பத்தைத் தனியே தாங்குவோர். தலையில் கண்ணாடி முகமூடி, மார்பில் தடித்த கவசம், நண்பகல் வெயில். ஒரு நாளில் ஒருத்தி துப்புரவாக்கும் நிலம் சில சதுர மீற்றர். ஒரு மிதிவெடியை ஆக்க மூன்று முதல் முப்பது டொலர் போதும். அதை அகற்ற முந்நூறு முதல் ஆயிரம் டொலர் ஆகும் என்று ஐக்கிய நாடுகள் சபை ஒருமுறை மதிப்பிட்டது. அம்மதிப்பீட்டில் வெடி அகற்றும் பெண்ணின் முழந்தாள் வலிக்கு விலை போடப்படவில்லை.

மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. மண்ணைத் துப்புரவாக்க 2028 ஜூன்வரை அதற்குத் தவணை உண்டு. இது நல்ல செயல், வரவேற்கத்தக்கது. ஆயின் அவ்வுடன்படிக்கை தடைசெய்வது மனிதனை இலக்காகக் கொண்ட மிதிவெடியை மட்டுமே. டாங்கிக்கென்று புதைக்கும் கண்ணிவெடி அதன் எல்லைக்குள் வருவதில்லை. சட்டத்தின் கண்ணில் அது படையினருக்குரிய நேர்மையான ஆயுதம். வயலில் டாங்கி ஓடுவதில்லை, உழவு இயந்திரம் ஓடுகிறது. வீதியில் கவச வண்டி செல்வதில்லை, பேருந்து செல்கிறது. மண்ணுக்கடியில் கிடக்கும் வெடிக்கு இவ்வேற்றுமை தெரியாது. பாரம் என்பது ஒன்றே அதற்குத் தெரிந்த மொழி.

ஏவுகணை தவறினால் தவறியதோடு சரி. கம்பி அறுந்து மணலில் கிடக்கும். கண்ணிவெடி தவறுவதில்லை; தள்ளிப்போடுகிறது. புதைத்தவன் மாண்டபின்னும், அவன் யாருக்காகப் புதைத்தானோ அவர்களும் ஊர் திரும்பியபின்னும், போர்நிறுத்தத்தை அறியாத அந்த ஒரே சிப்பாய் தன் காவலில் நிற்கிறது. தென்னங்காணிக்குத் திரும்பிய பளை விவசாயியும், விறகு பொறுக்கச் செல்லும் முகமாலைப் பெண்ணும் அதன் இலக்குகள்.

ஆயுதச் சந்தையில் இன்றும் நம்பகம் என்ற சொல் கூவி விற்கப்படுகிறது. வேறு நாடுகளின் போர்களில் டாங்கிகள் எரியும் படங்களைக் காட்டி, நூற்றுக்கு இத்தனை என்று எண் சொல்கின்றனர். ஏழை நாடுகளின் அரசுகள் பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் தள்ளிவைத்துவிட்டு வாங்குகின்றன. அத்தகைய எண்ணைக் கேட்கும்போதெல்லாம் நாம் திருப்பிக் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. எம்மண்ணில் அளந்த எண் இது? யார் கையில்? தவறிய கணைகள் எங்கே விழுந்தன? தவறாதவை யாரைத் தைத்தன? போர் முடிந்த மறுநாள் இவ்வாயுதம் என்ன செய்யும்? விற்பவனின் ஏட்டில் இவற்றுக்கு விடையிராது. விடையைப் பலாலியிலும் இரணைதீவுக் கடலிலும் முகமாலையிலும் மக்கள் தம் உயிரால் எழுதி வைத்திருக்கின்றனர்.

ஆனையிறவில் புல்டோசரைப் பார்த்துவிட்டு நாம் மேலும் வடக்கே சென்றோம். பளையைக் கடந்ததும் முகமாலை. தலையிழந்த பனைகள் வரிசையாக நின்றன. அவற்றின் அடியில் வெள்ளைக் குறிகள் நட்ட ஒரு துண்டு நிலம். துப்புரவாகி உரியவரிடம் திரும்பிய காணி என்றனர். யாரோ அதில் வரிசையாகத் தென்னம்பிள்ளைகள் வைத்திருந்தனர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குழி வெட்டியிருக்கவேண்டும். அம்மண்ணில் முதல் மண்வெட்டியைப் போட்ட அக்கையின் துணிவுக்கு விருது வழங்கியவர் எவருமில்லை.